ஒரு புழுவின் குலத்தைத் தேடிய வரலாறு

பிராணிகளைப்பற்றிப் பேசத் தொடங்குங்கால் நம் மனத்தில் முதற்கண் தோன்றுவன யானை, குதிரை, மயில், மீன் முதலியனவே. இவையெல்லாம் முதுகெலும்புடையன. ஆயினும், அறிஞர் இதுகாறும் கண்டு பெயரிட்டுள்ள பிராணி இனங்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டவை முதுகெலும்பில்லாதனவேயாம். புழுவும் பூச்சியும், நண்டும் நத்தையும், சிப்பியும் நட்சத்திர மீனும் இக்கூட்டத்தைச் சேர்ந்தவை. இவற்றுள் பல நம் காலடியிலேயே கிடந்தும் நம்மால் கவனிக்கப்படுவதில்லை. வேறு பல கடலினடியில் மனிதர் கண்ணுக்கே எட்டாமல் வாழ்ந்து மடிகின்றன. இங்ஙனம் மறைந்து கிடக்கும் ஓர் உயிர் கைக்கு அகப்பட்டால், 'இஃது இன்ன இனத்தது, இன்ன குலத்தது' என்று அறிஞர் எவ்வாறு துணிகின்றனர்? இவ்வினாவிற்கு விடையை, ஸீனோடர்பெல்லா என்னும் ஒரு சிறு கடற்புழுவின் வரலாற்றைக்கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம். அவ்வரலாற்றில் வெற்றியும் உண்டு. பெரியதொரு பிழையும் உண்டு. பிழையினின்றே நாம் கற்கவேண்டியது மிகுதி.

உயிர்களை முறைப்படுத்திப் பெயரிடும் நெறியை நிலைநாட்டியவர் ஸ்வீடன் தேசத்தவராகிய லின்னேயஸ் என்பது பலரும் அறிந்ததே. 1758-ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய நூலின் பத்தாம் பதிப்பில் பிராணிகள் ஆறு வகுப்பாகப் பிரிக்கப்பட்டன. அவற்றுள் நான்கு வகுப்புகள் முதுகெலும்புடையவற்றிற்கே ஒதுக்கப்பட்டன. எஞ்சிய உயிர்களெல்லாம் 'பூச்சிகள்', 'புழுக்கள்' என்னும் இரண்டே வகுப்புகளில் அடைக்கப்பட்டன. எங்கும் இடம்பெறாத பொருள்களை வீட்டின் மூலையறையில் போட்டுவைப்பதுபோல, 'புழுக்கள்' என்ற வகுப்பில் நத்தையும் நட்சத்திர மீனும் மண்புழுவும் ஒருங்கே கிடந்தன. பின்னர் பிரெஞ்சு அறிஞர் லமார்க், கூவியே முதலியோர் இம்மூலையறையைத் திறந்து, உள்ளமைப்பை ஆராய்ந்து, ஒன்றையொன்று ஒவ்வாதவற்றை வேறு பிரித்தனர்.

அவர்கள் கைக்கொண்ட கருவி உடற்கூற்று ஆராய்ச்சியாகும். ஓர் உயிரின் புறத்தோற்றம் எளிதில் ஏமாற்றும். ஆதலின் குடல் எங்ஙனம் அமைந்துள்ளது, நரம்பு எப்பக்கம் ஓடுகின்றது, உடலினுள் குழிவு உண்டோ இல்லையோ, கரு எவ்வாறு வளர்கின்றது என்பனவற்றை நோக்கவேண்டும். கப்பலின் அடியிலும் பாறைமீதும் ஒட்டி வளரும் கொட்டலசு என்பதைக் கடற்கரையிலுள்ளார் அறிவர். அதன் ஓட்டைக் கண்டு அதனைச் சிப்பிகளோடும் நத்தைகளோடும் சேர்த்து வைத்திருந்தார் கூவியே. 1830-ஆம் ஆண்டில் வாகன் தாம்ஸன் என்பார் அதன் இளம் பருவத்தைக் கண்டார். நீரில் நீந்தித் திரிந்த அவ்விளம் உயிர், கணுக்கால்களோடு, இறாலின் குஞ்சுகளை ஒத்திருந்தது. ஓட்டினுள் ஒளிந்திருந்தது நண்டின் சுற்றமேயன்றிச் சிப்பியின் சுற்றமன்று என்பது அன்று புலனாயிற்று. வளர்ந்த உடல் மறைத்ததை இளம் உடல் வெளிப்படுத்தியது. உடற்கூற்று நூலின் பெருமைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

நிற்க. 1915-ஆம் ஆண்டில் ஸ்வீடனின் மேற்குக் கரையை அடுத்த கடலில், ஸிக்ஸ்டன் பாக் என்னும் விலங்கியல் அறிஞர் கடலடிச் சேற்றை வாரி எடுத்து ஆராய்ந்தபோது, மங்கிய மஞ்சள் நிறமுடைய ஒரு புழு அகப்பட்டது. ஓரிரு அங்குல நீளமே உள்ள அப்புழு, மெல்லியதாய்த் தட்டையாய் இருந்தது. உடலின் நடுவே அரைஞாண் கட்டினாற்போல ஒரு பள்ளம் சுற்றிச் சென்றது. பக்கங்களிலும் பள்ளங்கள் காணப்பட்டன. உடல் முழுவதும் நுண்ணிய மயிரிழைகள் போர்த்திருந்தன. அவற்றை அசைத்தே அது வழுக்கிச் சென்றது. கீழ்ப்பக்கத்தில் ஒரு வாய்; வாய்க்குள் பைபோன்ற ஒரு குடல். அப்பைக்கு மறுவாயில் இல்லை. உண்டதன் கழிவும் வாய் வழியே வெளிப்படவேண்டும். மூளை இல்லை, தோலின் அடியில் வலைபோலப் பின்னிய நரம்பிழைகளே உண்டு. கழிவு நீரைப் பிரிக்கும் உறுப்பில்லை; தனியாக அமைந்த கருப்பையோ விந்துப்பையோ இல்லை. மண்புழுவையும் கரப்பானையும் வகுப்பறையில் அறுத்துப் படம் வரைந்த நம் பழைய மாணவர்கள், இப்புழுவைத் தட்டின்மேல் வைத்துக் கொடுத்திருந்தால், பெயர் குறிப்பதற்கு உறுப்பின்றித் திகைத்திருப்பர்.

பாக் 1946-இல் காலஞ்சென்றார். அவர் சேர்த்துவைத்ததை ஆராய்ந்து 1949-இல் ஐனார் வெஸ்ட்பிளாட் என்பார் விரிவாக எழுதி வெளியிட்டார். கண்டெடுத்ததற்கும் பெயரிட்டதற்கும் இடையே முப்பத்துநான்கு ஆண்டுகள் கழிந்தன. தட்டைப்புழுக்களுள் 'டர்பெல்லேரியா' என்பது ஒரு பிரிவு. அதனோடு ஒருபுடை ஒத்தும் பெரும்பாலும் வேறுபட்டும் இருந்தமையின், 'விசித்திரமான சிறு டர்பெல்லேரியா' என்னும் பொருள்பட 'ஸீனோடர்பெல்லா' என்றும், கண்டெடுத்தவரின் நினைவாக 'பாக்கி' என்றும் அதற்குப் பெயர் சூட்டினார்.

பெயர் கிடைத்தது, குலம் கிடைக்கவில்லை. வெஸ்ட்பிளாட் அதனைப் பழமையான தட்டைப்புழு என்றார். வேறு சிலர், நட்சத்திர மீன், கடல் அட்டை, பாலனோகிளாஸஸ் என்பவற்றின் சுற்றத்தில் வைத்து எண்ணினர். பிற்காலத்தில் எலெக்டிரன் நுண்பெருக்கியால் தோலின் மயிரிழைகளை ஆராய்ந்தவர்கள், 'அசீலா' என்னும் மிகச் சிறிய கடற்புழுக்களின் மயிரிழைகளோடு அவை ஒத்திருக்கக் கண்டனர். இத்துணைக் கருத்து வேற்றுமைக்குக் காரணம் யாது? இப்புழுவினிடம் உள்ள உறுப்புகள் சில, இல்லாதன பல. ஒரு புதிய உறுப்பு இரண்டு உயிர்களிடம் ஒரேவிதமாக அமைந்திருப்பின், அவ்விரண்டும் ஒரு முன்னோரின் வழித்தோன்றின என்று கருத இடமுண்டு. ஓர் உறுப்பு இரண்டிடமும் இல்லாமையோ எதற்கும் உறுதியான சான்றாகாது. முன்னோர்க்கே இல்லாதிருந்திருக்கலாம், அல்லது முன்னோர்க்கு இருந்து பின் அழிந்திருக்கலாம். நாடாப்புழுவிற்குக் குடலே இல்லை. அஃது ஆதியிலேயே குடலற்ற உயிர் என்று யாரும் கூறார். பிற உயிரின் குடலில் தங்கி உண்டு வாழ்தலால் தன் குடலை இழந்தது என்பர். ஸீனோடர்பெல்லாவின் வறுமை பிறவி வறுமையோ, இருந்ததை இழந்த வறுமையோ என்பதே வழக்கு.

இவ்வழக்கில் புதியதொரு சாட்சி பின்னர் அழைக்கப்பட்டது. ஒவ்வோர் உயிரணுவினுள்ளும் டி.என்.ஏ. என்னும் பரம்பரைப் பொருள் உளது. அதன் அமைப்பு 1953-இல் வாட்ஸன், கிரிக் என்பவர்களால் வெளிப்படுத்தப்பட்டது. நான்கே எழுத்துக்களால் எழுதிய மிக நீண்ட ஏட்டிற்கு அதனை ஒப்பிடலாம். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு அவ்வேடு பெயர்த்தெழுதப்படுகின்றது. எழுதும்போது அருமையாக ஓரெழுத்துப் பிழைபடுகின்றது. நம் பழந்தமிழ் நூல்களின் ஓலைப்பிரதிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தவர்கள் கைக்கொண்ட முறையை இங்கு நினைத்துப் பார்க்க. பத்து ஏடுகளுள் மூன்றில் ஒரே இடத்தில் ஒரே பிழை காணப்படின், அம்மூன்றும் அப்பிழையுடைய ஒரு மூல ஏட்டினின்று வந்தன என்று அவர்கள் துணிந்தனர். அங்ஙனமே, பல உயிர்களின் ஒரே மரபணுவை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, எவை எவை ஒரு மாற்றத்தைப் பொதுவாகப் பெற்றுள்ளன என்று கண்டு, குலமுறை வகுக்கின்றனர்.

ஒரு சிறு புழுவில் கிடைக்கும் டி.என்.ஏ. மிகக் குறைவு. அதனைப் படித்தற்கு முதலில் பெருக்கவேண்டும். 1983-இல் காரி முல்லிஸ் கண்ட பெருக்குமுறை இதற்கு உதவியது. வேண்டிய மரபணுவின் இரு முனைகளையும் பற்றிக்கொள்ளும் சிறு துண்டுகளை இட்டு, சூடாக்கியும் ஆற்றியும் வருங்கால், ஒன்று இரண்டாய், இரண்டு நான்காய், சில மணி நேரத்தில் கோடிக்கணக்கான பிரதிகள் உண்டாகின்றன. ஆயினும் இம்முறைக்கு ஒரு குறையுண்டு. குழாயினுள் இருக்கும் டி.என்.ஏ. யாருடையது என்று அது கேட்பதில்லை. எதனை எளிதில் பற்றுகின்றதோ அதனையே பெருக்கும். இக்குறையை வாசகர் மனத்திற்கொள்க.

1997-ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்னும் புகழ்பெற்ற பத்திரிகையில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வெளிவந்தன. ஒன்றில் நோரேன், யோண்டெலியஸ் என்னும் ஸ்வீடன் அறிஞர் இருவர், ஸீனோடர்பெல்லாவின் மரபணுக்களைப் படித்து, அவை சிப்பிகளின் மரபணுக்களோடு நெருங்கி ஒத்திருப்பதாகக் கூறினர். மற்றொன்றில் இஸ்ராயெல்சன் என்பார், புழுவினுள் கண்ட முட்டைகளை ஆராய்ந்து, அவையும் சிப்பியின் முட்டைகளைப் போன்றே வளர்ச்சியுறுகின்றன என்று எழுதினார். மரபணு ஒரு சாட்சி. கரு மற்றொரு சாட்சி. இரண்டும் ஒரே வாக்குமூலம் கொடுத்தன. கொட்டலசின் வரலாற்றை அறிந்தவர்க்கு இது நம்பத்தகாததாகவும் தோன்றவில்லை. சிப்பிக் குலத்திற் பிறந்து, ஓடும் காலும் செவுளும் மூளைக்கணுக்களும் இழந்து, பைபோன்ற புழுவாக ஒடுங்கிய உயிர் இது என்று பலரும் ஏற்றனர். ஐம்பதாண்டு வழக்கு முடிந்ததென்றே தோன்றிற்று.

ஆனால் உடற்கூற்றை நன்கு பயின்றோர்க்கு ஓர் ஐயம் நீங்கவில்லை. சிப்பியின் உறுப்புகளுள் ஒன்றன் சுவடேனும் வளர்ந்த புழுவில் இல்லையே. அதன் தோலும் நரம்பு வலையும் வேறு திசையையன்றோ காட்டுகின்றன? 2003-ஆம் ஆண்டில் பூர்லா, நீல்ஸன், டெல்ஃபோர்டு முதலியோர் அதே 'நேச்சர்' பத்திரிகையில் விடை கூறினர். அவர்கள் புழுவினின்று எடுத்த டி.என்.ஏ.யில் ஒன்றன்று, இருவகை எழுத்து வரிசைகள் காணப்பட்டன. ஒரு வகை, அதே சேற்றில் வாழும் நியூகுலா முதலிய சிறு சிப்பிகளினது. மற்றொரு வகை எந்தச் சிப்பியினதும் அன்று. முன்னது புழு உண்ட உணவு, பின்னதே புழு! ஸீனோடர்பெல்லா சிப்பியின் குலத்திற் பிறந்ததன்று, சிப்பியைத் தின்பது. முட்டைகளும் அது விழுங்கியவையே என்று கொள்ளப்பட்டது.

இவ்விடத்தில் நாம் சற்றே நின்று சிந்தித்தல் வேண்டும். 1997-இல் பிழைபட்டது எது? படித்த எழுத்துக்கள் பொய்யல்ல. அவை உண்மையான சிப்பியின் எழுத்துக்களே. நுண்பெருக்கியிற் கண்ட முட்டைகளும் பொய்யல்ல. அவை உண்மையான முட்டைகளே. இரண்டு சாட்சிகளும் மெய்யே உரைத்தன; ஆனால் வேறொருவரைப்பற்றி உரைத்தன. இரண்டு சான்றுகள் ஒத்துப்போனமையால் ஐயம் தீர்ந்ததென்று எண்ணியதே பிழை. அவ்விரண்டும் ஒரே குடலினின்று வந்தமையால் ஒத்துப்போயின. தனித்தனி வழியே வந்து ஒத்துப்போனவை அல்ல.

வழக்கின் இப்பகுதி முற்றும் தீர்ந்தது 2013-இல் ஆகும். அவ்வாண்டில் நாகனோ என்னும் ஜப்பானிய அறிஞரும் அவருடைய துணைவரும், ஸீனோடர்பெல்லாவின் மெய்யான முட்டைகளினின்று வெளிவந்த இளம் புழுக்களைக் கண்டு எழுதினர். அவ்விளம் புழுக்களுக்கு வாயும் இல்லை; உடல் முழுதும் மயிரிழை போர்த்து நீந்தின; சிப்பியின் இளம் பருவத்திற்குரிய அடையாளம் ஒன்றும் அவற்றினிடம் இல்லை. அசீலாப் புழுக்களின் வளர்ச்சியோடே அவை ஒத்தன. மரபணுவால் எழுந்த பிழையை மரபணு திருத்தியது; கருவால் எழுந்த பிழையைக் கரு திருத்தியது.

குலத்தை அறிதல் ஒன்று. இனத்தைப் பிரித்தறிதல் மற்றொன்று. இதிலும் இரு சாட்சிகளும் வேண்டும். 1999-இல் அதே ஸ்வீடன் கடலிற் கிடைத்த சில புழுக்கள், உடலமைப்பிற் கண்ட வேறுபாடுகளைக்கொண்டு, 'வெஸ்ட்பிளாடி' என்ற தனி இனமாகப் பெயரிடப்பட்டன. பின்னர் மரபணுக்களை ஒப்பிட்டபோது பாக்கிக்கும் அதற்கும் இனம் பிரிக்கத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. ஆதலின் அப்பெயர் இன்று தனி இனத்தைக் குறிப்பதாகக் கொள்ளப்படுவதில்லை.

இதற்கு மாறாக, பசிபிக் மாகடல் புதிய இனங்களைத் தந்தது. கலிபோர்னியாவை அடுத்த மாண்டரே என்னும் கடற்பள்ளத்தாக்கில், கப்பலினின்று இயக்கும் ஆளில்லா நீர்மூழ்கிப் பொறி ஒன்று, சிப்பிகள் செறிந்த இடத்தில், வெற்றுக் காலுறை போன்ற ஊதா நிறப் பொருள்களைக் கண்டது. கிரெக் ரௌஸ், ராபர்ட் விரியன்ஹோக் முதலிய அறிஞர்கள் அவற்றை ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆராய்ந்து, 2016-இல் நான்கு புதிய இனங்களை வெளியிட்டனர். மான்ஸ்ட்ரோசா என்பது இருபது சென்டிமீட்டர் வரை வளர்வது. புரொஃபண்டா என்பது கலிபோர்னியா வளைகுடாவில், ஏறத்தாழ 3,700 மீட்டர் ஆழத்தில், வெந்நீர் ஊற்றுகளின் அருகே வாழ்வது. சுரோ என்பது அப்பெயருடைய நீண்ட வரியோடிய ஸ்பானியப் பணியாரத்தை ஒத்தமையால் பெயர்பெற்றது. ஹாலண்டோரம் இரண்டரை சென்டிமீட்டர் அளவினதே. மரபணுக்களால் வகுத்த குலமுறையில், ஆழக்கடலின் பேருருவங்கள் மூன்றும் ஒரு கிளையாகவும், ஹாலண்டோரமும் ஸ்வீடன் பாக்கியும் மற்றொரு கிளையாகவும் அமைந்தன. ஒரு நூற்றாண்டாக ஓரினமே உடையதாக எண்ணப்பட்ட பேரினம் ஒரே நாளில் ஐந்தினம் உடையதாயிற்று. 2017-இல் ஜப்பானை அடுத்த பசிபிக் கடலினின்று ஜபோனிகா என்னும் ஆறாவது இனமும் சேர்ந்தது. அதனை ஆராய்ந்தவர்கள், எக்ஸ்-கதிர்களால் உடலை அறுக்காமலே அடுக்கடுக்காகப் படமெடுக்கும் முறையைக்கொண்டு, முன்புறத்தில் ஒரு நுண்துளையும் கீழ்ப்புறத்தில் ஒரு சுரப்பி வலையும் இருப்பதைக் கண்டனர். ஒரு நூறாண்டு ஆராய்ந்த பின்னும், 'உறுப்பில்லை' என்று கருதிய உடலில் புதிய உறுப்பு காணக் கிடைத்தது என்பதை மாணவர் கருதுக.

இனி, குலத்தைப்பற்றிய வழக்கு முடிந்ததோவெனின், இல்லை. ஸீனோடர்பெல்லாவும் அசீலாப் புழுக்களும் ஒரு சுற்றத்தன என்பதில் இன்று பெரும்பாலார் ஒருமைப்பட்டுள்ளனர். அச்சுற்றம் உயிர்மரத்தில் எங்கே கிளைத்தது என்பதில்தான் பிணக்கு. 2016-இல் வெளிவந்த இரு கட்டுரைகள், இடம் வலம் என்னும் இரு பக்கச் சமமைப்புடைய பிராணிகள் அனைத்தினுள்ளும் இதுவே முதலிற் பிரிந்த கிளை என்றன. அவ்விரண்டனுள் ஒன்றன் ஆசிரியருள் 1997-இல் சிப்பியென்று எழுதிய யோண்டெலியஸும் ஒருவர். 2019-இல் டெல்ஃபோர்டு முதலியோர் இதனை மறுத்து, நட்சத்திர மீன், பாலனோகிளாஸஸ் என்பவற்றின் உடன்பிறந்த கிளையே இது என்றனர். சில குலங்களில் டி.என்.ஏ. எழுத்துக்கள் விரைந்து மாறுகின்றன. பிழை மலிந்த ஓர் ஓலைப்பிரதி, பிற பிரதிகளோடு ஒவ்வாமையாலேயே, மிகப் பழைய தனி மரபினது போலத் தோன்றி மயக்குமன்றோ? அத்தகைய மயக்கமே முன்னைய முடிவிற்குக் காரணம் என்பது அவர்கள் கூற்று.

இது நூலோர்க்குள் நிகழும் வெறும் சொற்போரன்று. முன்னவர் கூறுவது மெய்யாயின், நமக்கும் நண்டுக்கும் மண்புழுவிற்கும் பொதுவான முன்னோர், மூளையும் மறுவாயிலும் இல்லாத எளிய புழுவாக இருந்திருக்கலாம். ஸீனோடர்பெல்லா அவ்வெளிமையை இன்றுவரை காத்துவருகின்றது. பின்னவர் கூறுவது மெய்யாயின், உறுப்புகள் பல பெற்றிருந்த முன்னோரின் வழிவந்து, அவற்றையெல்லாம் இழந்து எளிமையுற்ற உயிர் அது. நம் முன்னோரைப்பற்றி அது நேரே ஒன்றும் கூறாது. ஒரு விரற்கடைப் புழுவின் குலத்தைப் பொறுத்து நம் சொந்தக் குலத்தின் தொடக்கமே வேறு வேறாகத் தோன்றுகின்றது.

இவ்வரலாற்றால் நாம் பெறும் பயன் யாது? கத்தியும் நுண்பெருக்கியும் பழங்கருவிகள், மரபணுவே இனிப் போதும் என்பாருளர். மரபணுவைப் படிப்போர் உடலை அறியாதிருப்பின், உண்டதையும் உண்டவனையும் வேறு பிரித்து அறியார் என்பதை இப்புழு உணர்த்திற்று. உடலை மட்டும் பார்ப்போர், இன்மையைச் சான்றாகக்கொண்டு மயங்குவர் என்பதையும் அதுவே உணர்த்திற்று. இரண்டையும் கற்றவர்க்கும் ஒரு கடமை எஞ்சி நிற்கின்றது: சான்று எதனைக் கூறுகின்றது என்பதோடு, அஃது எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்டல்வேண்டும். நம் சோதனைச்சாலைகளில் குழாயை எடுக்கும் மாணவர் முதலில் தட்டிலுள்ள உயிரை நன்கு பார்க்கக் கற்பாராக. தாம் எழுதியதைப் பின்வந்தோர் திருத்தியபோது, ஆராய்ச்சியைக் கைவிடாது, இருபதாண்டுகளுக்குப்பின் அதே வினாவிற்கு மீண்டும் விடை தேடிய அறிஞரின் பொறுமையும் அவர்களுக்கு உண்டாவதாக.